அந்தரத்தில் ஒரு வீடு

ஆரணி என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களில் பலருக்குப் பட்டுச் சேலை ஞாபகம் வந்திருக்கும். அந்த ஆரணி வேறு. அது திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தது. நாம் இங்கே குறிப்பிடுவது திருவள்ளூர் ஜில்லாவில், பெரியபாளையத்துக்கும் கவரைப்பேட்டைக்கும் இடையில், ஆரணியாற்றை அடுத்திருக்கும் சிறிய பேரூராட்சியை. பட்டினால் வரும் புகழ் இவ்வூருக்கு இல்லை. ஆனால் கிழக்கே கல்கத்தா நெடுஞ்சாலையும் ரெயில் பாதையும் செல்கின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் பெரிய தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. ஆலை வேலைக்குப் போகும் வாலிபர்கள் பொழுது விடியுமுன் பஸ் ஏறுகிறார்கள். நெல்லும் கரும்பும் பார்த்துப் பழகிய இந்தப் பக்கத்து நிலங்களில், நெடுஞ்சாலை ஓரமாக, இப்போது ஒரு புதுப் பயிர் முளைத்திருக்கிறது. அதன் பெயர் அடுக்குமாடி வீடு.

வீட்டாசை இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. ஆரணிக்குச் சமீபத்தில் சின்னம்பேடு என்னும் சிறுவாபுரியில் முருகப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். அருணகிரிநாதர் பாடிய ஸ்தலம். ஆறு செவ்வாய்க்கிழமைகள் தவறாமல் சென்று தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், தமிழ்நாட்டு வாடகைக் குடித்தனக்காரர்களின் மகாநாடு நடப்பதாகவே தோன்றும். முருகன் வீட்டை அருளக் கூடும். ஆனால் மூலப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் வேலையை அவர் பக்தர்களிடமே விட்டிருக்கிறார்.

நம்மிடம் படித்த பழைய மாணாக்கர் ஒருவர் சமீபத்தில் நம்மைத் தேடி வந்தார். பிராயம் முப்பத்து மூன்று. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு பெண் குழந்தை. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 58,000 ரூபாய். ஆரணியில் 9,000 ரூபாய் வாடகையில் வசிக்கிறார்கள். நெடுஞ்சாலை அருகே எழும்பிக்கொண்டிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், ஒரு வீடு 45 லட்சத்துக்கு வருகிறது. வாங்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி. "நீங்கள்தானே, ஸார், எனக்குக் கணக்குக் கற்றுக் கொடுத்தீர்கள்? நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கற்றுக் கொடுத்த பாடத்தில் மாணாக்கர் திரும்பி வந்து நமக்கே பரீட்சை வைப்பார் என்று உபாத்தியாயர்கள் எதிர்பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி. ஆகையால் அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லலாம் என்று கருதுகிறோம்.

பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வசிப்பது நமக்குப் பழக்கமானதுதான். சென்னைப் பட்டணத்தில் ஒண்டுக் குடித்தனம் என்று இருந்தது. எட்டுக் குடும்பங்களுக்கு ஒரு கிணறு, ஒரு குழாய், ஒரு சண்டை. பம்பாயில் நடுத்தர வகுப்பார் கூட்டுறவு முறையில் மாடி வீடுகள் கட்டிக்கொள்ள 1915-ஆம் வருஷத்திலேயே காம்தேவியில் சாரஸ்வதர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். ஆகவே அடுக்குமாடி என்பதையே பெரிய அநாசாரமாக நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. மாடியில் வசிக்கலாமா என்பது இங்கே கேள்வி அன்று. எந்த மாடியில், என்ன விலையில், யாரை நம்பி என்பதுதான் கேள்வி.

முதலில் பணக் கணக்கு. 45 லட்சத்தில் 9 லட்சம் கைப்பொருள் என்றும், 36 லட்சம் பாங்கிக் கடன் என்றும் வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு எட்டரை. தவணை இருபது வருஷம். மாதம் 31,242 ரூபாய் கட்ட வேண்டும். 240 மாதங்களும் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 75 லட்சம். அதாவது அசல் 36 லட்சம், வட்டி 39 லட்சம். வீட்டுக்காரருக்கு ஒரு வீடும், பாங்கிக்கு அதைவிடச் சற்றுப் பெரிய வீடும் கட்டுகிறோம் என்று சொன்னால் தவறாகாது.

இத்துடன் முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு, நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த மதிப்பின் மேல் முத்திரைத் தீர்வை விதிக்கப்படுகிறது. 50 லட்சம் வரையில் தீர்வை நூற்றுக்கு 4; பதிவுக் கட்டணம் 2. நம் நண்பருக்கு இது 2,70,000 ரூபாய் ஆகும். கட்டடம் முடியுமுன் வாங்கினால் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. விலை 45 லட்சத்துக்குள்ளும், உள்பரப்பு பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் அவ்வரி நூற்றுக்கு 1; இல்லாவிட்டால் 5. விற்பவர் விலையை 46 லட்சமாக்கினால், உயர்வது ஒரு லட்சம் மட்டும் அல்ல. வரியும் 45,000 ரூபாயிலிருந்து 2,30,000 ரூபாய்க்குத் தாவிவிடும். கட்டி முடித்து, நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இந்த வரி அடியோடு கிடையாது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உபயோகப்படும்.

இரண்டாவது, பரப்புக் கணக்கு. விளம்பரத்தில் ஆயிரம் சதுர அடி என்று போட்டிருக்கும். அதில் மாடிப்படி, லிப்ட், நடைபாதை, வாசல் காவல்காரர் உட்காரும் கூண்டு எல்லாவற்றிலும் நம் பங்கு சேர்ந்திருக்கும். பாய் விரித்துப் படுக்கக் கூடிய இடத்தை அளந்தால் எழுநூறு தேறலாம். ஆயிரம் என்று வகுத்தால் சதுர அடி 4,500 ரூபாய். எழுநூறு என்று வகுத்தால் 6,400 ரூபாய்க்கு மேல். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், உள்பரப்பு என்பது இன்னதென்று வரையறுத்து, விற்பவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. வெளிச் சுவரும் பால்கனியும் அதில் சேரா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். ஆகவே "எத்தனை சதுர அடி?" என்று கேட்பதை விட்டு, "உள்பரப்பு எத்தனை?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியில் விற்பனைக்காரரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, மண் கணக்கு. இதைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள். ஸிமெண்டுக்கும் கம்பிக்கும் வயதாகும். வருஷத்துக்கு வருஷம் அவற்றின் மதிப்புக் குறையும். மதிப்பு ஏறுவது மண்ணுக்குத்தான். மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு மண் ஏது என்றால், பத்திரத்தில் "பிரிபடாத பாகம்" என்று ஒன்று எழுதியிருக்கும். ஐந்து கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி நிலத்தில், சமமான நாற்பது வீடுகள் எழும்பினால் ஒவ்வொருவருக்கும் 300 சதுர அடி. கட்டடம் கிழமாகி இடிக்க நேரும் காலத்தில் நம் பெயரில் மிஞ்சும் சொத்து அதுதான். அந்தப் பாகம் எவ்வளவு, நாற்பது பேருக்கும் நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா, விற்பவர் தமக்கென்று ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்காமல் கையெழுத்திடுகிறவர், அந்தரத்தில் தொங்கும் ஒரு பெட்டியை விலைக்கு வாங்குகிறார்.

நான்காவது, காகிதக் கணக்கு. மூலப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி ஆகிய நான்கையும் விற்பவர் காட்டும் நகலில் பாராமல், சொந்த வக்கீலைக் கொண்டு ஆபீஸில் சரிபார்க்க வேண்டும். திட்ட அனுமதி விஷயத்தில் ஒரு மாறுதல் உண்டு. சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர் ஜில்லாவின் பல கிராமங்கள் புதிதாக அதற்குள் வந்துவிட்டன. ஆகவே தங்கள் மனைக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர் யார் என்பதையே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலம் 500 சதுர மீட்டரையும் வீடுகள் எட்டையும் தாண்டினால், ஜனங்கள் "ரெரா" என்று சொல்லும் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. எழுத்து மூலம் ஒப்பந்தம் ஆகுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களிடம் வசூலித்த பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்துக்கும் நிலத்துக்குமே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை கண்டால் கட்டினவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் சட்டம் குடையைப் போன்றது. கையில் இருந்தால் போதாது, மழை வருமுன் விரிக்கவும் வேண்டும்.

இங்கே ஒரு துயரமான சம்பவத்தை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், சென்னைப் போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்தும் வெளி மாகாணத்திலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளிகள் அவர்களில் மிகப் பலர். அதன் ஜோடிக் கட்டடம் 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. காலி இடம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதற்கு அனுமதி சாட்சி. தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் அது சாட்சி ஆகாது. ஆகவே மண் பரிசோதனை அறிக்கையையும், தூண்களைக் கணக்கிட்ட என்ஜினீயரின் வரைபடத்தையும் கேட்டு வாங்கி, சம்பந்தமில்லாத வேறொரு என்ஜினீயரிடம் காட்டுவது அவசியம். அதற்குச் சில ஆயிரம் செலவாகலாம். 45 லட்சம் செலவிடத் துணிந்தவர் அதற்குத் தயங்குவது, கல்யாணத்துக்கு ஆயிரம் இலை போட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தபால் செலவு பார்ப்பதற்குச் சமானம்.

ஐந்தாவது, தண்ணீர்க் கணக்கு. இது ஆரணிப் பக்கத்துக்கே உரிய விசேஷம். ஆரணியாறு ஆந்திர தேசத்திலிருந்து வருகிறது. வருஷத்தில் பெரும் பகுதி அது மணலாகக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பெய்து, பிச்சாட்டூர் அணையும் திறக்கப்பட்டால், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று வழியெல்லாம் கரையைச் சோதித்துக்கொண்டே பழவேற்காட்டுக்குச் சென்று கடலில் சேரும். 2015-இலும் 2021-இலும் வெள்ளம் கண்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது மாடிக்கு வெள்ளம் ஏறாதுதான். ஆனால் பால்காரரும் பள்ளிக்கூடம் போகும் குழந்தையும் தரை வழியாகத்தான் வர வேண்டும். மோட்டாரும் மின்சாரப் பெட்டியும் அநேகமாகத் தரை மட்டத்திலேதான் இருக்கும்.

மழைக்காலத்தில் இப்படியென்றால் கோடையில் வேறு கதை. இந்த ஆற்றுப் படுகைகளில்தான், பஞ்செட்டி, மீஞ்சூர், தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில், சென்னைப் பட்டணத்துக்காகப் பல வருஷங்களாக நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. இறைத்ததன் பலனாக மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் நிலத்துக்குள் ஏறி, கிணறுகள் உப்பாயின. ஆகவே நாற்பது குடும்பம் நம்பியிருக்கப் போகும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ரஸாயனப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. தொழிற்பேட்டைக்கு அருகே என்றால், இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை எந்த மாதத்தில் எந்தத் திசைக்குப் போகிறது என்று பக்கத்துக் கிராமத்துத் தாய்மார்களை விசாரிக்க வேண்டும். கொடியில் உலர்த்திய வேஷ்டியின் நிறத்தை அவர்கள் அறிவார்கள்.

ஆறாவது கணக்கு, குடிபுகுந்த பிறகு தொடங்குவது. தனி வீட்டில் ஓட்டை விழுந்தால் நாமே கொத்தனாரைக் கூப்பிடலாம். அடுக்குமாடியில் நாற்பது பேர் கூடித் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்தில் ஸர்ப்ஸைட் என்ற கடற்கரை ஊரில், 1981-இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடம் 2021 ஜூன் 24-ஆம் தேதி இரவில் பாதி இடிந்து விழுந்தது. 98 பேர் தூக்கத்தோடு போனார்கள். குறை இருப்பதை என்ஜினீயர் 2018-லேயே எழுதிக் கொடுத்திருந்தார். செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று வீட்டுக்காரர்கள் விவாதித்துக்கொண்டிருந்ததில் வருஷங்கள் சென்றுவிட்டன. எதிர் உதாரணமும் உண்டு. சிங்கப்பூரில் 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்கு வீடுகளில்தான் அந்நாட்டு ஜனங்களில் பத்துக்கு எட்டுப் பேர் வசிக்கிறார்கள். நம் தமிழர்களும் வசிக்கிறார்கள். அங்கே நிலம் 99 வருஷக் குத்தகை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பராமரிப்புக்குப் பொறுப்பாளி யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டிலும் 2022-ஆம் வருஷத்து அடுக்குமாடி உடைமைச் சட்டம் வீட்டுக்காரர் சங்கத்துக்கு விதிகள் வகுத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்ட வழியும் செய்திருக்கிறது. மாதச் சந்தாவைக் கொடுக்க முணுமுணுக்கும் சுபாவத்துக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை.

இவ்வளவையும் கேட்ட நம் நண்பர், "அப்படியானால் வாடகை வீடே மேல் என்கிறீர்களா?" என்றார். கணக்கு மட்டும் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் சுமார் 22,000 ரூபாய். வாடகை இப்படியே இருக்குமானால், வட்டியைச் சேர்க்காமலே இருபது வருஷத்தில் 52 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. வாடகை இப்படியே இராது, ஏறும். கையில் மிஞ்சும் பணத்தைச் செலவழிக்காமல் சேர்க்கும் வைராக்கியமும் எல்லோருக்கும் வராது. இருந்தாலும் தராசு வாடகைப் பக்கமே சாய்கிறது.

அப்போது அவருடைய மனைவி, அதுவரை பேசாமலிருந்தவர், ஒரு விஷயம் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர்கள் நான்கு வீடு மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் கேட்ட பிறகு, காலியாக இருந்த வீடுகள் திடீரென்று காலியாக இல்லாமல் போயின. "மாடி வீடு விற்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெண் வளர்ந்து வருகிறாள், ஸார். அவள் காதில் அது விழக் கூடாது" என்றார் அந்த அம்மாள்.

நம் தராசில் இந்தக் கல் இல்லை. சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த தேசத்தில், ஒரு குடும்பம் கௌரவமாகக் கதவைச் சாத்திக்கொள்வதற்கு 39 லட்சம் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது என்றால், அது அந்தக் குடும்பத்தின் கணக்குப் பிழை அன்று. வாடகைக்கு வீடு விடும் நம்மவர்களின் பிழை. இந்தப் பத்தியைப் படிக்கும் நேயர்களில் சொந்த வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை குடித்தனக்காரர் வரும்போது வாடகையைப் பற்றியும் முன்பணத்தைப் பற்றியும் கேளுங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்பது நம் வேண்டுகோள்.

ஆகவே வாங்கவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மூன்று நிபந்தனைகளைச் சொன்னோம். முதலாவது, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்காமல், கட்டி முடித்து நிறைவுச் சான்று பெற்ற வீட்டைப் பார்க்க வேண்டும். விலை சற்று உயரலாம். ஆனால் ஜி.எஸ்.டி. மிச்சம், வாடகையும் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் மாதங்களும் மிச்சம், சுவரைத் தட்டிப் பார்க்கலாம், குழாயைத் திறந்து பார்க்கலாம். இரண்டாவது, ஒரு கார்த்திகை மாத மழையையும் ஒரு சித்திரை மாத வெயிலையும் அந்தக் கட்டடம் எப்படித் தாங்குகிறது என்று போய்ப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, தவணை இருவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 58,000 ரூபாய்க்கு அது சுமார் 19,000. அதற்குக் கிடைக்கும் கடன் சுமார் 22 லட்சம். அப்படியானால் 45 லட்சத்து வீடு இன்று எட்டாது. சிறிய வீட்டைப் பார்க்க வேண்டும். அல்லது மூன்று நான்கு வருஷம் சேர்க்க வேண்டும். ஆலை வேலை இருபது வருஷம் நிலைக்கும் என்று ஆலை முதலாளியே எழுதிக் கொடுப்பதில்லை. பாங்கி மட்டும் நம்மிடம் இருபது வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கொள்கிறது.

"சீக்கிரம் முன்பணம் கட்டாவிட்டால் விலை ஏறிவிடும்" என்று விற்பனைக்காரர் சொல்வார். எல்லைச் சாலை வருகிறது, புது ஆலை வருகிறது என்று படம் போட்டும் காட்டுவார். வாஸ்தவமாகவே வரலாம். சாலை வருவதால் விலை ஏறுமானால், அந்த ஏற்றத்தில் பாதியை அவர் இன்றைய விலையிலேயே சேர்த்துக்கொண்டிருப்பார் என்பதை மறக்கக் கூடாது. அவசரம் அவருடையது, பணம் நம்முடையது.

ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்குப் போகிறவர்கள் பக்தியோடு போய் வரட்டும். ஏழாவது வாரத்தில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீலையும் ஒரு என்ஜினீயரையும் கூட்டிக்கொண்டு, ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் போய் வரட்டும்.